வான்ஸே ஏரிக்கரை மாளிகை: 1942-க்குப் பிறகு அந்த வீட்டுக்கு என்ன ஆனது?

தாமிரபரணி:

பெர்லினின் தென்மேற்கு மூலையில், வான்ஸே ஏரிக்கரையில் 56–58 எண்ணிட்ட ஒரு மாளிகை இருக்கிறது. 1942 ஜனவரி 20 அன்று அங்கே நாஜி அரசின் உயர் அதிகாரிகள் 15 பேர் கூடி ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். ஐரோப்பாவில் உள்ள யூதர்கள் அத்தனை பேரையும் ஒழிக்கும் வேலையில் எந்தத் துறைக்கு என்ன பங்கு என்பதுதான் பேச்சு. இதுவரைக்கும் இங்கே பலருக்குத் தெரிந்ததுதான்.

நான் இந்த இழையைத் தொடங்குவது அதற்குப் பிந்தைய கதைக்காக. போர் முடிந்தது 1945-இல். அந்த வீடு நினைவிடமாகத் திறந்தது 1992-இல். நடுவில் 47 வருடங்கள். அதில் 1952 முதல் 1988 வரை அது பள்ளிப் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து தங்கும் விடுதி. அந்த வீட்டில் என்ன நடந்தது என்பது அரசுக்குத் தெரியாமல் இல்லை. கூட்டக்குறிப்பு 1947-லேயே கையில் கிடைத்துவிட்டது. "இதை ஆவண மையமாக ஆக்குங்கள்" என்று யோசெஃப் வுல்ஃப் என்பவர் வருடக்கணக்காக நடையாய் நடந்தார். முடியாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

வான்ஸே பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் கூட்டத்தை நடத்திய ஹைட்ரிக், குறிப்பு எழுதிய ஐக்மன் என்று பெயர்களை அடுக்கிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். வுல்ஃப் பெயர் வருவதே இல்லை. எனக்கு இது பெரிய ஆதங்கம். உங்களுக்குத் தெரிந்ததைச் சேருங்கள்.

கரிசல்காடு:

நல்ல இழை. ஒன்றரை மணி நேரத்தில் ஓர் இனத்தையே அழிக்க முடிவெடுத்த இடம் அது. அந்தச் சுவருக்குள் குழந்தைகளைத் தூங்க வைத்திருக்கிறார்கள் என்பதை நினைக்கவே முடியவில்லை.

ஆனால் இன்னொரு பக்கமும் தோன்றுகிறது. போர் முடிந்த பெர்லின் இடிந்து கிடந்த ஊர். நல்ல காற்றும் தண்ணீரும் உள்ள ஒரு பங்களாவைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது அப்படி ஒன்றும் தப்பு இல்லையே?

ஆவணப்பித்தன்:

கரிசல்காடு தம்பி, முதலில் ஒரு திருத்தம். கொலை அங்கே முடிவாகவில்லை. அந்தக் கூட்டம் நடந்தபோது கொலை தொடங்கி அரை வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. 1941 ஜூனில் ஜெர்மானியப் படை சோவியத் எல்லைக்குள் நுழைந்ததும் பின்னாலேயே சுட்டுக்கொல்லும் குழுக்கள் போயின. செப்டம்பர் 29, 30 தேதிகளில் கீவ் நகரை ஒட்டிய பாபி யார் பள்ளத்தாக்கில் மட்டும் 33,771 பேர். டிசம்பர் 8 முதல் போலந்தின் செல்ம்னோவில் விஷவாயு வண்டிகள் ஓடத் தொடங்கிவிட்டன. வான்ஸே மேஜையில் உட்கார்ந்திருந்த ருடால்ஃப் லாங்கே, லாட்வியாவில் நடந்த படுகொலைகளை நேரில் நடத்திவிட்டு வந்தவர்.

அப்படியானால் கூட்டம் எதற்கு? நான் தலைமைச் செயலகத்தில் பிரிவு அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். கூட்டங்களுக்கு மினிட்ஸ் எழுதுவதே எனக்கு வேலையாக இருந்தது. அந்தக் கண்ணோடு இந்த 15 பக்கத்தைப் படித்தபோது எனக்கு முதலில் பட்டது இதுதான்: இது ஒரு துறைக்குள் மற்ற துறைகள் மூக்கை நுழைக்காதபடி எல்லை போடுகிற கூட்டம். ஹைட்ரிக் பேச்சை எடுத்ததும் 1941 ஜூலை 31 தேதியிட்டு ஹிட்லருக்கு அடுத்த நிலையில் இருந்த கோரிங் தனக்குக் கொடுத்த ஆணையைக் காட்டுகிறார். எந்த நாட்டில், எந்த எல்லைக்குள் என்றாலும் இந்த விஷயத்தில் பொறுப்பு எஸ்.எஸ். (நாஜிக் கட்சியின் ஆயுதப் பாதுகாப்பு அமைப்பு) கையில்தான் என்று பதிவு செய்கிறார். வந்திருந்தவர்கள் உள்துறை, நீதித்துறை, வெளியுறவு, நான்காண்டுத் திட்டம் (போருக்கான பொருளாதாரத்தைக் கவனித்த துறை), கிழக்கில் பிடித்த பகுதிகளுக்கான அமைச்சகம், கட்சித் தலைமையகம், பிரதமர் அலுவலகம் என்று நம் ஊர் கணக்கில் துறைச் செயலர் அந்தஸ்தில் உள்ளவர்கள். பாதிக்கு மேல் முனைவர் பட்டம் பெற்றவர்கள். அதில் பலர் சட்டம் படித்தவர்கள்.

ஆறாம் பக்கத்தில் ஓர் அட்டவணை. நாடு வாரியாக யூதர்களின் எண்ணிக்கை. இங்கிலாந்து 3,30,000. ஸ்பெயின் 6,000. ஸ்விட்சர்லாந்து 18,000. அயர்லாந்து 4,000. அல்பேனியா 200. எஸ்டோனியாவுக்கு எதிரே எண் கிடையாது. யூதர் எவரும் மிச்சமில்லை என்று எழுதியிருக்கிறது. கூட்டுத்தொகை 1 கோடியே 10 லட்சத்துக்கு மேல். ஜெர்மனி பிடிக்காத நாடும், நடுநிலை நாடும் பட்டியலில் உண்டு. அல்பேனியாவின் அந்த 200-ஐப் பாருங்கள். ஒரு கிராமத்தில் பாதி கூட வராத ஜனங்களை ஒருவர் தேடி எண்ணி, தட்டச்சு செய்து, கூட்டலில் சேர்த்திருக்கிறார். அதைத் தாண்டி அடுத்த பக்கம் போக எனக்கு வெகுநேரம் ஆனது.

விவாதம் என்று ஓரளவு நடந்தது கலப்பு மணம் செய்தவர்கள், பாதி யூதர்கள் பற்றித்தான். உள்துறையின் ஸ்டுக்கார்ட் கட்டாயக் கருத்தடை போதும் என்று யோசனை சொல்கிறார், நிர்வாகச் சிக்கல் குறையும் என்று காரணமும் காட்டுகிறார். போலந்தின் பெரும்பகுதியை ஆண்ட நிர்வாகத்தின் சார்பில் வந்த பூலர், "எங்கள் பகுதியில் இருந்தே ஆரம்பியுங்கள், போக்குவரத்துச் சிரமம் இல்லை" என்று கேட்டுக்கொள்கிறார். நான்காண்டுத் திட்டத்தின் நாய்மன், ஆயுதத் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்களை மாற்று ஆள் கிடைக்கும்வரை விட்டுவைக்கச் சொல்கிறார். கொல்லக்கூடாது என்று ஒருவர் சொன்னதாக ஒரு வரி இல்லை.

கல்தூண்:

ஆவணப்பித்தன் சார் எழுதியதைப் படித்த பிறகு கட்டடத்தைப் பற்றிப் பேசக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் பேச வேண்டும், ஏனென்றால் அந்த வீட்டின் ஒவ்வொரு கைமாற்றமும் அந்தக் காலத்தைச் சொல்கிறது.

கட்டியது 1914–15-இல். கட்டியவர் எர்ன்ஸ்ட் மார்லியர், கண்ட வியாதிக்கும் குணம் தரும் என்று விளம்பரம் செய்து மருந்து விற்றுப் பணக்காரர் ஆனவர். கட்டடக் கலைஞர் பவுல் பாம்கார்ட்டன். 1921-இல் ஃபிரீட்ரிக் மினூ என்ற தொழிலதிபர் கைக்கு வந்தது. மினூ 1940-இல் பெர்லின் எரிவாயு நிறுவனத்தில் பெருந்தொகை மோசடி செய்ததாகக் கைதானார். சிறையில் இருந்தபடியே வீட்டை 19,50,000 ரைக்ஸ்மார்க்குக்கு (அன்றைய ஜெர்மன் நாணயம்) விற்றார். வாங்கியது நோர்ட்ஹாவ் என்ற அறக்கட்டளை. அது ஹைட்ரிக் ஏற்படுத்தியது. எஸ்.எஸ். அதிகாரிகளுக்கு ஓய்வில்லங்கள் வாங்கிப் போடுவது அதன் வேலை.

பிறகு அது விருந்தினர் மாளிகை ஆனது. வெளியூரில் இருந்து பெர்லினுக்கு வரும் அதிகாரிகள் தங்கலாம். இசையறை, பில்லியர்ட்ஸ், ஏரியைப் பார்த்த மொட்டைமாடி, வெந்நீர்க் குழாய் என்று வசதிகளைச் சொல்லி உள்சுற்றறிக்கை விட்டிருக்கிறார்கள். ஓர் இரவுக்கு 5 ரைக்ஸ்மார்க். 1942 ஜனவரிக் கூட்டத்துக்குப் போன அழைப்பிலும் பகல் 12 மணிக்குக் கூட்டம், தொடர்ந்து சிற்றுண்டி என்று இருக்கிறது.

அதே பாம்கார்ட்டன் சில நூறு மீட்டர் தள்ளி 1909–10-இல் இன்னொரு வீடு கட்டினார். அது ஓவியர் மாக்ஸ் லீபர்மனுக்கு. அந்த வீட்டையும் சேர்த்துப் பார்க்காமல் இந்த வீட்டைப் பார்க்கக் கூடாது என்பது என் கருத்து.

வாசகி மதுரை:

லீபர்மன் பற்றி எழுத வேண்டும் என்றுதான் வந்தேன், கல்தூண் வாசலைத் திறந்து வைத்துவிட்டார்.

லீபர்மன் பிரஷ்யக் கலைக்கழகத்தின் தலைவராக 1920 முதல் 1932 வரை இருந்தவர். கோடைக்காலம் முழுக்க வான்ஸே வீட்டில்தான். தோட்டத்தை அவரே திட்டமிட்டார்: முன்பக்கம் காய்கறியும் பூவுமாகக் குடியானவர் தோட்டம், பின்பக்கம் ஏரி வரை இறங்கும் புல்வெளி, ஓரத்தில் பிர்ச் மரப் பாதை. அந்தத் தோட்டத்தை மட்டும் 200 ஓவியங்களுக்கு மேல் வரைந்தார். ஒரே பெஞ்சு, ஒரே மரம், வேறு வேறு வெளிச்சம். யூதர் என்பதால் 1933-க்குப் பிறகு அவரைக் கலையுலகம் திரும்பிப் பார்க்கவில்லை. 1935-இல் இறந்தார்.

மனைவி மார்த்தா இருந்தார். 1940-இல் வீட்டை அஞ்சல்துறைக்கு விற்கும்படி கட்டாயப்படுத்தினார்கள். 1943 மார்ச்சில் தெரசியன்ஸ்டாட் முகாமுக்குக் கொண்டுபோக ஆள் வருகிறது என்று தெரிந்ததும் மாத்திரைகளை விழுங்கினார். சில நாள் கழித்து யூத மருத்துவமனையில் உயிர் போனது. வயது 85.

மார்த்தா தன் வீட்டைக் கைமாற்றிய அதே 1940-இல்தான் மினூவின் மாளிகை ஹைட்ரிக்கின் அறக்கட்டளைக்குப் போனது. நடந்து போகும் தூரத்தில் இருந்த இரண்டு வீடுகள். மேஜையைச் சுற்றி 15 பேர் பேசியது யாரைப் பற்றி என்று கேட்டால் நான் மார்த்தாவின் பெயரைச் சொல்வேன். 1 கோடியே 10 லட்சம் என்ற எண்ணை என்னால் மனதில் வைத்துக்கொள்ள முடியவில்லை. 85 வயதுப் பாட்டி ஒருத்தியை முடிகிறது.

வழிப்போக்கன்:

ஒரு கேள்வி. எல்லோரும் இவ்வளவு ரகசியமாகச் செய்தார்கள் என்றால் குறிப்பு எப்படி வெளியே வந்தது? அந்த 15 பேருக்கும் அப்புறம் என்ன ஆனது?

ஆவணப்பித்தன்:

முதல் கேள்விக்கு: ஐக்மன் வரைவு எழுதினார், ஹைட்ரிக் திருத்தினார், 30 படிகள் எடுத்து எண் போட்டு அனுப்பினார்கள். மற்ற படிகள் எல்லாம் போருக்குள் மறைந்தன. 1947 மார்ச்சில் நியூரம்பர்க் போர்க்குற்ற வழக்குகளுக்காக அமெரிக்கத் தரப்பு வழக்கறிஞர் ராபர்ட் கெம்ப்னரின் குழு வெளியுறவு அமைச்சகக் கோப்புகளைப் புரட்டியபோது 16-ஆம் எண் படி அகப்பட்டது. அது மார்ட்டின் லூதர் என்ற துணைச் செயலருக்குப் போன படி (மதச் சீர்திருத்தவாதி லூதர் இல்லை, பெயர் மட்டும் ஒன்று). இன்றுவரை கிடைத்திருப்பது அந்த ஒன்றுதான்.

குறிப்பில் கொலை என்ற சொல்லைத் தேடினால் கிடைக்காது. கிழக்கே வேலைக்குக் கொண்டுபோவோம், பெரும்பகுதி இயல்பாகவே குறைந்துவிடும், மிஞ்சுகிறவர்கள் வலுவானவர்கள் என்பதால் "அதற்கேற்றபடி" நடத்த வேண்டியிருக்கும் என்று போகிறது. ஆனால் மேஜையில் பேசியது அப்படி இல்லை. 1961-இல் ஜெருசலேம் நீதிமன்றத்தில் ஐக்மனே சொன்னார்: கொல்லும் முறைகளைப் பற்றிப் பச்சையாகவே பேசினார்கள், நான்தான் அலுவலக நடைக்கு மாற்றி எழுதினேன் என்று. கூட்டம் முடிந்ததும் ஹைட்ரிக், கெஸ்டபோ எனும் ரகசியப் போலீஸின் தலைவர் முல்லர், ஐக்மன் மூவரும் கணப்படுப்புப் பக்கம் உட்கார்ந்து கோன்யாக் குடித்ததையும் அவரே சொன்னார். எதிர்பார்த்த எதிர்ப்பு வராததில் ஹைட்ரிக்குக்கு நிம்மதி.

இரண்டாவது கேள்வி. ஹைட்ரிக்கை 1942 மே மாதம் பிராகில் செக்கோஸ்லோவாக்கியப் போராளிகள் தாக்கினார்கள், ஜூன் 4 அன்று இறந்தார். நீதித்துறையின் ஃபிரைஸ்லர் 1945 பிப்ரவரி குண்டுவீச்சில் செத்தார். பூலரைப் போலந்து 1948-இல் தூக்கிலிட்டது. ஐக்மன் 1962. முல்லர் 1945-இல் காணாமல் போனவர்தான். லூதர் தன் அமைச்சரையே கவிழ்க்கப் பார்த்து முகாமுக்குப் போனார், 1945-இல் இறந்தார். ஸ்டுக்கார்ட் வெளியே வந்து 1953-இல் கார் விபத்தில் இறந்தார். பிரதமர் அலுவலகத்தின் கிரிட்ஸிங்கர் ஒருவர்தான் பிறகு விசாரணையில் வெட்கப்படுவதாகச் சொன்னவர், 1947-இல் இறந்தார்.

கட்சித் தலைமையகத்தின் சார்பில் வந்த கெர்ஹார்ட் கிளோப்ஃபர் கதைதான் என்னை விடாதது. போருக்குப் பிறகு உல்ம் நகரில் வழக்கறிஞராகத் தொழில் செய்தார். 1987-இல் இறந்தார். தன்னைச் சுற்றியிருந்தோரின் நலனுக்காக நிறைவாக வாழ்ந்தவர் என்று குடும்பத்தார் பத்திரிகையில் இரங்கல் அறிவிப்பு போட்டார்கள்.

தாமிரபரணி:

கிளோப்ஃபர் இறந்தது 1987. வுல்ஃப் இறந்தது 1974. இதைச் சொல்லத்தான் இழையைத் தொடங்கினேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யோசெஃப் வுல்ஃப் 1912-இல் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரில் பிறந்தார், வளர்ந்தது போலந்தின் கிராக்கோவில். நாஜிகள் வந்தபோது அங்கே யூத எதிர்ப்புக் குழுவில் இருந்தார். பிடிபட்டு ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்குப் போனார். 1945 ஜனவரியில் கைதிகளைப் பனியில் நடத்திக்கொண்டு போனபோது தப்பினார். முகாமில் இருந்து மீண்டவர்கள் பலர் அதைப் பற்றி வாய் திறக்கவே வருடங்கள் ஆயின. இவர் உடனே காகிதம் சேகரிக்கத் தொடங்கினார். போலந்தில் யூத வரலாற்று ஆணையம், பிறகு பாரிஸ், பிறகு மேற்கு பெர்லின். கொலைகாரர்களின் ஊரிலேயே குடியேறி, அவர்களுடைய மொழியிலேயே, அவர்களுடைய ஆவணங்களை வைத்தே புத்தகம் போட்டார். 1955 முதல் தொகுதி தொகுதியாக வந்தன. பெயர் பெயராக, கையெழுத்து கையெழுத்தாக. பல்கலைக்கழக வரலாற்றாசிரியர்களில் பலர் அவரை ஆய்வாளராக மதிக்கவே இல்லை. பாதிக்கப்பட்டவர், ஆகவே நடுநிலை இருக்காது என்றார்கள். அதைச் சொன்னவர்களில் அந்த ஆட்சிக்குள்ளேயே வளர்ந்து படித்தவர்களும் உண்டு. அவர்களுடைய நடுநிலையை யாரும் கேள்வி கேட்கவில்லை. இதைப் படித்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

1966-இல் வுல்ஃப் சிலரோடு சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார். வான்ஸே வீட்டை நாஜி ஆட்சியையும் அதன் விளைவுகளையும் ஆராயும் சர்வதேச ஆவண மையமாக ஆக்க வேண்டும் என்பது கோரிக்கை. தத்துவஞானி கார்ல் யாஸ்பர்ஸ் ஆதரித்தார். உலக யூத காங்கிரஸின் தலைவர் நாஹும் கோல்ட்மன் ஆதரித்தார். நகர நிர்வாகம் சொன்ன பதில்: பிள்ளைகள் விடுதிக்கு அந்த இடம் தேவை. மேயர் கிளாவுஸ் ஷூட்ஸ், அங்கே கோரமான வழிபாட்டிடம் ஒன்று உருவாவதை விரும்பவில்லை என்றார். எழுபதுகளின் தொடக்கத்தில் சங்கமே கலைந்தது.

1974 ஆகஸ்டில் வுல்ஃப் மகனுக்கு ஒரு கடிதம் எழுதினார். மூன்றாம் ரைக் (நாஜி ஆட்சி) பற்றி 18 புத்தகம் போட்டேன், ஒரு பயனும் இல்லை. எத்தனை ஆவணம் காட்டினாலும் சரி, கொலைகாரர்கள் சுதந்திரமாகத் திரிகிறார்கள், சொந்த வீட்டில் பூச்செடி வளர்க்கிறார்கள் என்கிற பொருளில். அக்டோபர் 10 அன்று தன் வீட்டு ஐந்தாம் மாடி ஜன்னலில் இருந்து குதித்துவிட்டார்.

கரிசல்காடு, பிள்ளைகள் அங்கே விளையாடியது தவறு என்று நான் சொல்லவில்லை. நகராட்சி அந்தப் பிள்ளைகளைக் காரணமாகக் காட்டியதுதான் தவறு. பெர்லினில் ஏரிக்கு என்ன பஞ்சம்?

கரிசல்காடு:

புரிகிறது அண்ணா. ஆனாலும் ஷூட்ஸ் சொன்னதை அப்படியே தள்ளிவிட முடியுமா? இந்த மாதிரி இடங்களுக்கு நாஜி ஆதரவாளர்கள் படையெடுத்து வந்துவிடுவார்கள் என்ற பயம் நியாயமானது. ஸ்பாண்டாவ் சிறையில் ஹிட்லரின் துணைவராக இருந்த ருடால்ஃப் ஹெஸ் 1987-இல் இறந்ததும் கட்டடத்தையே தரைமட்டம் ஆக்கினார்கள். ஹிட்லரின் பதுங்குகுழி இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். அடையாளம் தெரியாமல் செய்வதும் ஒரு வழிதானே?

கல்தூண்:

எல்லா இடத்துக்கும் ஒரே மருந்து கிடையாது. ஹெஸ் இருந்த சிறையிலும் பதுங்குகுழியிலும் பார்ப்பதற்கு அந்த ஆட்கள் மட்டும்தான். அங்கே போகிறவன் அவர்களைத் தேடித்தான் போவான். ஹிட்லர் பிறந்த பிரவுனாவ் வீடும் அப்படித்தான். ஆஸ்திரிய அரசு அதைக் கையகப்படுத்திக் காவல் நிலையமாக மாற்றும் முடிவுக்கு வந்தது. அந்த முடிவில் எனக்கு மறுப்பில்லை. அவர் அங்கே பிறந்தார், அவ்வளவுதான். வரலாறு அந்த வீட்டில் நடக்கவில்லை.

வான்ஸே வேறு. இங்கே நடந்தது அரசு வேலை. அதைக் காட்டக் காகிதம் இருக்கிறது. காகிதம் இருக்கும் இடத்தில் வழிபாடு நடத்துவது சிரமம், ஒவ்வொரு சுவரிலும் சாட்சி நிற்கும்போது.

இடித்தால் என்ன ஆகும் என்பதற்கும் பெர்லினிலேயே உதாரணம் உண்டு. கெஸ்டபோ, எஸ்.எஸ். தலைமையகங்கள் இருந்த பிரின்ஸ் ஆல்பிரெக்ட் தெருக் கட்டடங்களின் மிச்சத்தை ஐம்பதுகளில் இடித்துத் தள்ளினார்கள். அந்த மைதானத்தில் பிறகு உரிமம் இல்லாதவர்கள் கார் ஓட்டிப் பழகினார்கள். எண்பதுகளில் மக்கள் குழுக்கள் மண்வெட்டியோடு போய் நின்று கேட்ட பிறகுதான் தோண்டினார்கள், நிலவறைச் சுவர்கள் வெளிவந்தன. இன்று பெர்லினில் அதிகம் பேர் போகும் நினைவிடங்களில் அதுவும் ஒன்று. நிரந்தரக் கட்டடம் வந்தது 2010-இல். மறைத்ததால் யாருக்கு என்ன நன்மை? கொன்றவர்களுக்கு 30 வருட நிம்மதி கிடைத்தது.

வாசகி மதுரை:

இதோடு ஒன்று சேர்க்கிறேன். லீபர்மன் வீடும் வெகுகாலம் காத்திருந்தது. போருக்குப் பிறகு மருத்துவமனை, அப்புறம் 1972-இலிருந்து நீர்மூழ்கு விளையாட்டுச் சங்கம். ஆர்வலர்கள் ஒரு சங்கம் அமைத்துப் போராடி 2006-இல்தான் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். தோட்டத்தை ஓவியங்களைப் பார்த்தே மறுபடி நட்டிருக்கிறார்கள். பிர்ச் மரங்கள் பாதைக்கு நடுவே நிற்கும், அவர் வரைந்தபடியே.

பனங்கூடல் (பெர்லின்):

இந்த இழையை நேற்று இரவு முழுதும் வாசித்தேன். நான் இங்கே பெர்லினில் வசிக்கிறேன், ஊரில் இருந்து உறவினர் வந்தால் வான்ஸேக்குக் கூட்டிக்கொண்டு போவதுண்டு. நேரில் பார்த்ததைச் சொல்கிறேன்.

கேட்டில் இருந்து உள்ளே போனால் மரங்களுக்கு நடுவே ஒரு பாதை, அது வட்டமான பூப்பாத்தியைச் சுற்றி வாசலுக்குக் கொண்டுபோய் விடும். இரண்டு மாடி. கொழுகொழு குழந்தைச் சிலைகள் ஆங்காங்கே. பின்பக்கம் போனால் ஏரி திறந்து கிடக்கும். அக்கரையில் பெர்லின்காரர் குளிக்கப் போகும் மணற்கரை. கோடையில் அங்கே இருந்து பிள்ளைகளின் சத்தம் தண்ணீர் வழியே கேட்கும்.

உள்ளே அறைகள் பெரிது. மேஜை நாற்காலி போட்டு அன்றைய காட்சியை ஜோடிக்கவில்லை, அது எனக்கு மிகவும் பிடித்தது. சாப்பாட்டறையில்தான் கூட்டம் நடந்திருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். அங்கே குறிப்பின் பக்கங்களைப் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வகுப்பு வகுப்பாக வருவார்கள். 15 பேரும் எப்படிப்பட்டவர்கள் என்று அவர்களே கோப்புகளைப் பிரித்து வாசித்து ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டும். நீதிபதிகள், மருத்துவத் தாதிகள், காவலர்கள், நகரசபை ஊழியர்களுக்கும் தனித்தனி வகுப்பு உண்டு. அவரவர் தொழில் அந்தக் காலத்தில் என்ன செய்தது என்பதை அவரவரே பார்க்க வேண்டும் என்பது இவர்களுடைய முறை. வுல்ஃப் கேட்டதும் இந்த மாதிரி வேலை நடக்கும் இடத்தைத்தான்.

1992-இல் திறந்தபோது முதல் இயக்குநராக வந்தவர் கெர்ஹார்ட் ஷோன்பெர்னர். வுல்ஃபோடு சேர்ந்து அந்த ஆவண மையத்துக்காக உழைத்தவர். வீட்டுக்குள் உள்ள நூலகத்துக்கு யோசெஃப் வுல்ஃப் பெயரை வைத்திருக்கிறார்கள்.

வழிப்போக்கன்:

பனங்கூடல் அண்ணா, அடுத்த கோடையில் குடும்பத்தோடு பெர்லின் வருகிறோம். மகனுக்கு 13 வயது. கூட்டிப்போகலாமா?

பனங்கூடல் (பெர்லின்):

தாராளமாக. ஆனால் நேரே வான்ஸேக்குப் போகாதீர்கள். நகரத்தில் இருந்து எஸ்7 ரயிலில் ஏறி முதலில் குருனேவால்ட் நிலையத்தில் இறங்குங்கள். அங்கே 17-ஆம் இலக்க மேடை இருக்கிறது. பெர்லின் யூதர்களை ரயிலேற்றிய இடங்களில் ஒன்று. முதல் ரயில் 1941 அக்டோபர் 18-இல் போனது, வான்ஸே கூட்டத்துக்கு மூன்று மாதம் முன்பே. மேடை ஓரத்தில் 186 வார்ப்பு எஃகுத் தகடுகள் பதித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் தேதி, எத்தனை பேர், எந்த இடத்துக்கு. மகனை மெதுவாக நடந்து வாசிக்க விடுங்கள். ஆயிரத்துக்கு மேல் தொடங்கும், கடைசியில் 18 பேர் என்கிற மாதிரி வரும். ஆவணப்பித்தன் ஐயா சொன்ன அந்த 200-ஐப் போலவேதான், சின்ன எண்கள்தான் நெஞ்சில் நிற்கும்.

பிறகு அதே ரயிலில் வான்ஸே. நிலையத்துக்கு வெளியே 114-ஆம் இலக்க பஸ், வீட்டு வாசலிலேயே நிறுத்தம். நுழைவுக் கட்டணம் இல்லை. திரும்பும் வழியில் லீபர்மன் தோட்டத்தில் இறங்கி உட்காருங்கள், சிற்றுண்டிச் சாலை இருக்கிறது. ஒரு நாள் முழுக்க ஒதுக்குங்கள், அவசரப்படாதீர்கள். மகன் கேள்வி கேட்பான்.

தாமிரபரணி:

மிக்க நன்றி பனங்கூடல். உங்கள் பதிவைப் படித்ததும் ஒரு யோசனை. குறிப்பு மொத்தமே 15 பக்கம். அதை நாமே தமிழில் கொண்டுவந்தால் என்ன? அடிக்குறிப்போடு, யார் எந்தத் துறை என்ற விளக்கத்தோடு. வுல்ஃப் பற்றி ஒரு முன்னுரை நான் எழுதுகிறேன். ஜெர்மன் மூலத்தை வைத்துச் சரிபார்க்க உங்களால் முடியுமா?

பனங்கூடல் (பெர்லின்):

முடியும். பக்கம் பக்கமாக அனுப்புங்கள். அலுவலகத் தமிழ் எனக்குக் கொஞ்சம் கஷ்டம், இங்கே வந்த பிறகு அது கைவிட்டுப் போய்விட்டது.

ஆவணப்பித்தன்:

அலுவலகத் தமிழை என்னிடம் விடுங்கள். ஆனால் ஒரு நிபந்தனை. மூலத்தில் எங்கெல்லாம் மூடி மறைத்து எழுதியிருக்கிறதோ அங்கெல்லாம் நாமும் அப்படியே மூடி எழுத வேண்டும்; என்ன நடந்தது என்பதை அடிக்குறிப்பில் சொல்வோம். படிக்கிறவர் அந்த நடையை நேருக்கு நேர் பார்க்கட்டும். ஒன்று முதல் ஐந்தாம் பக்கம் வரை நான் எடுத்துக்கொள்கிறேன். ஆறாம் பக்க அட்டவணையை யாராவது இரண்டு பேர் சேர்ந்து செய்யுங்கள், எண்ணில் பிழை வரக் கூடாது.

வாசகி மதுரை:

ஆறாம் பக்கம் நானும் கரிசல்காடும். ஞாயிற்றுக்கிழமை முதல் வரைவு போடுகிறோம்.